துணைக்குச் சிநேகிதி போதும்

நம் வீட்டுப் பெரியவர்கள் வெளிநாடு போகிறார்கள் என்றால் பெரும்பாலும் அங்கே அவர்களுக்கு ஒரு வேலை காத்திருக்கிறது என்று பொருள். மகளுக்குப் பிரசவம், பேரனைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை, மருமகள் வேலைக்குத் திரும்ப வேண்டும். நியூஜெர்சியிலோ டல்லாஸிலோ ஆறு மாதம் இருந்துவிட்டு வருகிறவரிடம் என்னென்ன பார்த்தீர்கள் என்று கேட்டால், ஒரு வார இறுதியில் நயாகரா, நாலைந்து முறை கோவில், மற்ற நாளெல்லாம் சமையலறை ஜன்னலில் தெரிந்த பனி என்பார். பேரக்குழந்தையை மடியில் வைத்திருந்த சந்தோஷத்தை யாரும் குறைத்துச் சொல்ல முடியாது. ஆனால் அதை உல்லாசப் பயணம் என்று யாரும் சொல்லமாட்டார்கள். தனக்காக, தான் பார்க்க ஆசைப்பட்ட ஊருக்கு, தன் இஷ்டப்படி போய்வருவது என்பது 60 வயதுக்கு மேற்பட்ட பலருக்கு வாய்க்காமலே போகிறது. அப்படிப் போக நினைக்கிறவருக்குச் சரியான துணை யார் என்ற கேள்விக்கு நம் வீடுகளில் இரண்டே பதில்கள்தான் உண்டு: ஒன்று, பிள்ளைகள் கூட்டிப்போக வேண்டும், இல்லாவிட்டால் டூர் கம்பெனியில் பணம் கட்ட வேண்டும். மூன்றாவதாக ஒரு பதில் இருக்கிறது. ஒத்த வயதில் ஒரு சிநேகிதி அல்லது சிநேகிதர். மற்ற இரண்டையும்விட இதுவே மேல் என்பது என் கட்சி.

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தைச் சேர்ந்த எலி ஹாம்பி ஆவணப் புகைப்படக் கலைஞர். சாண்டி ஹேசலிப் மருத்துவர். ஆப்பிரிக்காவில் ஜாம்பியா நாட்டு மருத்துவ முகாம் பணி மூலம் அறிமுகமானவர்கள். இருபது வருடத்துக்கும் மேற்பட்ட பழக்கம். இருவரும் கணவரை இழந்தவர்கள். 80 வயதில், 80 நாளில் உலகைச் சுற்றிவிடுவது என்று திட்டம் போட்டார்கள். ஜூல்ஸ் வெர்னின் 1873ஆம் ஆண்டு நாவலை மனதில் வைத்துப் போட்ட கணக்கு அது. கொரோனா குறுக்கே வந்ததால் கிளம்பும்போது இருவருக்கும் 81 ஆகிவிட்டது. 2023 ஜனவரியில் புறப்பட்டு, 7 கண்டங்களையும் 18 நாடுகளையும் சொன்னபடி 80 நாளில் பார்த்துவிட்டு ஊர் திரும்பினார்கள். முதலில் போனதே அண்டார்டிகாவுக்கு. அங்கே போக டிரேக் நீரிணையைக் கப்பலில் கடக்க வேண்டும்; பூமியிலேயே கொந்தளிப்பு மிகுந்த கடல்களில் அதுவும் ஒன்று, கடந்து முடிக்க ஏறத்தாழ இரண்டு நாள் ஆகும். ‘அமெரிக்க பாஸ்போர்ட்டுக்கு எந்தக் கதவும் திறக்கும், போதாததற்கு ஒருவர் டாக்டர் வேறு’ என்று நீங்கள் சொன்னால் அது நியாயமான பேச்சுதான். சாதனைக்காக நான் அவர்களை இங்கே இழுக்கவில்லை. முகாம் வேலையில் பழகிய நட்பு என்பதைக் கவனிக்க வேண்டும். அடுத்தவர் களைத்துப்போனால் எப்படி இருப்பார், பசித்தால் எப்படிப் பேசுவார் என்பதெல்லாம் விமானம் ஏறும் முன்பே தெரிந்த இருவர் சேர்ந்து போயிருக்கிறார்கள். எந்த நாட்டு பாஸ்போர்ட்டாக இருந்தாலும் இந்தத் தகுதியைச் சம்பாதித்துக்கொள்ளலாம்.

பெற்ற பிள்ளையைவிட சிநேகிதர் உசத்தியா என்று கேட்பவர்களுக்கு ஒரு பழைய ஆய்வைச் சொல்ல வேண்டும். ரீட் லார்சன் என்ற உளவியலாளரும் அவருடைய சகாக்களும் 1986இல் வெளியிட்டது. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற 92 பேரிடம் ஒரு வாரத்துக்கு பேஜர் கொடுத்துவைத்தார்கள். அது ஒலிக்கும்போதெல்லாம் இப்போது யாருடன் இருக்கிறீர்கள், என்ன செய்துகொண்டிருக்கிறீர்கள், மனசு எப்படி இருக்கிறது என்று அவர்கள் குறித்துக்கொள்ள வேண்டும். குடும்பத்தாரோடு இருந்த நேரங்களைவிட நண்பர்களோடு இருந்த நேரங்களில்தான் அவர்கள் உற்சாகமாக இருந்தது தெரியவந்தது. காரணமும் புரிகிறது. வீட்டாரோடு இருக்கும்போது பொழுதில் பெரும்பகுதி வழக்கமான வேலைகளிலும் டிவி முன்னாலும் போய்விடுகிறது. நண்பரோடு இருக்கும்போது பேச்சு, விளையாட்டு, வெளியே போவது என்று ஆகிறது. இது மேலைநாட்டு ஆய்வு, நம் கூட்டுக்குடும்பத்துக்கு அப்படியே பொருந்தாது என்று ஒருவர் மறுக்கலாம். ஆயுள் முழுக்கக் கைகொடுப்பது குடும்பம்தான் என்பதை அந்த ஆய்வாளர்களும் மறுக்கவில்லை. ஆனால் பயணம் ஆயுள் முழுக்க நடப்பதில்லை. பத்து நாள். அந்தப் பத்து நாளுக்கு யார் கூட இருந்தால் மனசு விழித்துக்கொள்ளும் என்பதுதான் இங்கே கேள்வி.

மகனோடு போகிற பயணத்தைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பாருங்கள். கோலாலம்பூருக்கு வெளியே பத்துமலை. 272 படிகள், பக்கத்தில் 140 அடி முருகன். மகனுக்கு நாலு நாள்தான் லீவு; சாயங்காலம் இரட்டைக் கோபுரம், மறுநாள் காலையில் வேறு ஊர். ‘அம்மா, நீங்க ஏற வேண்டாம், கீழேயே உட்காருங்க, நான் வீடியோ எடுத்துட்டு வரேன்’ என்பான். அக்கறையில் சொல்வதுதான், தப்பில்லை. ஆனால் ஏறுவதா வேண்டாமா என்ற முடிவு அம்மாவின் கையை விட்டுப் போய்விட்டது. அதே இடத்தில் 67 வயதுக்காரர்கள் இருவர் நின்றால் விஷயம் வேறு. முப்பது படி ஏறுவார்கள், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள், தண்ணீர் குடிப்பார்கள், குரங்கு பையைப் பிடுங்காமல் பார்த்துக்கொள்வார்கள், இன்னும் இருபது படி ஏறுவார்கள். முடியாவிட்டால் திரும்புவார்கள். ஒருவருக்கு மூச்சு வாங்கினால் மற்றவருக்கும் வாங்கும் என்பதால் யாரும் யாரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை. ஒன்றரை மணி நேரம் ஆனாலும் ஆகட்டும், அவசரம் யாருக்கு? நாற்பது பேர் பஸ்ஸிலும் இந்தச் சுதந்திரம் கிடையாது. காலை ஆறுக்கு எழுப்புவார்கள், எட்டுக்கு வண்டியில் இருக்க வேண்டும், ஒருவர் கழிப்பறையிலிருந்து வரத் தாமதமானால் முப்பத்தொன்பது பேரும் அவரைப் பார்ப்பார்கள். நீரிழிவுக்கும் ப்ராஸ்டேட்டுக்கும் மாத்திரை சாப்பிடுகிறவருக்கு இதைவிடத் தர்மசங்கடம் வேறில்லை. டூர் கம்பெனிகளைக் குறை சொல்லவில்லை. விசா வேலையும் மொழியும் மிரட்டுகிற ஐரோப்பாவுக்கு முதல்முறை போகிறவருக்கு அவர்கள் பெரிய உதவி. அப்போதுகூடத் தனியாகச் சேராமல் இருவராகச் சேருவதுதான் புத்திசாலித்தனம்.

சுற்றுலா போனால் ஆயுள் கூடும் என்று எழுதுகிறவர்கள் உண்டு. அமெரிக்காவின் ஃப்ரேமிங்ஹாம் இதய ஆய்வில், ஆறு வருடத்துக்கு ஒரு முறையோ அதற்கும் அரிதாகவோ விடுமுறைக்குப் போன பெண்களுக்கு, வருடம் இரண்டு முறை போனவர்களைவிட மாரடைப்பு அதிகம் வந்தது உண்மை. இதை நான் என் வாதத்துக்குச் சாட்சியாகக் கூப்பிடமாட்டேன். உடம்பும் பணமும் நன்றாக இருப்பவர்தான் அடிக்கடி விடுமுறைக்குப் போகிறார்; எது காரணம், எது விளைவு என்று பிரித்துச் சொல்வது கஷ்டம். ஊர் பார்க்கிற ஆசைக்கு மருத்துவச் சான்றிதழ் எதற்கு?

உடம்பு பற்றிய பயம் வேறு. அதைத் தட்டிக்கழிக்க முடியாது. ‘போன இடத்தில் ஏதாவது ஆகிவிட்டால்? இரண்டும் வயசானது, யாருக்கு யார் துணை?’ என்று பிள்ளைகள் கேட்பார்கள். இங்கே உடல் பலத்தையும் துணையையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். வெளியூரில் பெரியவருக்கு ஆபத்து வந்தால் அவரைத் தூக்க ஆள் கிடைக்கும். ஹோட்டலில் இருக்கிறார்கள், ஆம்புலன்ஸில் இருக்கிறார்கள். கிடைக்காதது, அவருக்கு என்ன வியாதி, என்ன மாத்திரை, எதற்கு அலர்ஜி, யாருக்குப் போன் செய்ய வேண்டும் என்று சொல்லத் தெரிந்த ஒருவர். காலையில் பேச்சு குழறுகிறதே, நேற்று ராத்திரி மாத்திரை போட்டாயா என்று கவனிக்கத் தெரிந்த ஒருவர். அதற்கு 30 வயதுக் கைகால் தேவையில்லை. நான்கு மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணத்தில் கால் ரத்தக்குழாயில் ரத்தம் உறையும் வாய்ப்பு ஏறத்தாழ இரண்டு மடங்காகிறது என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு 2007இல் சொன்னது. ஆனாலும் அது சுமார் 6,000 பேரில் ஒருவருக்கு வருவதுதான். தடுக்கும் வழியும் எளிது: எழுந்து நடக்க வேண்டும், காலை ஆட்ட வேண்டும், தண்ணீர் குடிக்க வேண்டும். தனியாக உட்கார்ந்திருப்பவர் பக்கத்து இருக்கைக்காரரை எழுப்பக் கூச்சப்பட்டு எட்டு மணி நேரமும் அப்படியே இருந்துவிடுவார். சிநேகிதியை எழுப்பக் கூச்சம் எதற்கு? இன்சுலின் போடுகிறவர் மருந்தைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும். சரக்கறையில் போகிற பெட்டியில் வைத்தால் குளிரில் உறைந்து கெட்டுப்போகலாம். இருவரும் அடுத்தவருடைய மருந்துச் சீட்டின் நகலைத் தங்கள் பையில் வைத்துக்கொள்ள வேண்டும். தன்னுடையதைத் தானே வைத்திருப்பதால் மட்டும், மயங்கிக் கிடக்கும்போது பயன் கிடையாது.

விமான நிலையத்தில் சக்கர நாற்காலி கேட்டுவிட்டால் எல்லாம் நடந்துவிடும் என்று நம்புகிறவர்களுக்கு ஒரு செய்தி. 2024 பிப்ரவரியில் நியூயார்க்கிலிருந்து மும்பை வந்திறங்கிய ஒரு தம்பதி இரண்டு நாற்காலிகளுக்குப் பதிவு செய்திருந்தார்கள். ஒன்றுதான் வந்தது. மனைவியை அதில் உட்காரவைத்துவிட்டு 80 வயதுக் கணவர் கூடவே நடந்தார். குடியேற்றச் சோதனைப் பகுதியில் சரிந்து விழுந்தார், பிழைக்கவில்லை. விமான நிறுவனத்துக்கு 30 லட்சம் ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது. அபராதம் சரிதான். ஆனால் பயணிகள் எடுத்துக்கொள்ள வேண்டிய பாடமும் இதில் உண்டு: இரண்டாவது நாற்காலி வரும்வரை இருவரும் இருக்கையை விட்டு எழுந்திருக்கக் கூடாது. கேட்டு வாங்க ஒருவருக்குத் தயக்கமாக இருந்தால் மற்றவர் கேட்க வேண்டும். காப்பீட்டிலும் இதே கண்டிப்பு வேண்டும். 70 வயதைத் தாண்டினால் பிரீமியம் ஏறும், கிடைக்கும் தொகை குறையும். ஏற்கெனவே இருக்கிற நோய்க்கு, உயிருக்கு ஆபத்தான அவசரம் தவிர வேறெதற்கும் பல பாலிசிகள் பணம் தருவதில்லை. ஐரோப்பாவின் ஷெங்கன் விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோ காப்பீடு கட்டாயம். இறந்தால் உடலை ஊருக்குக் கொண்டுவரும் செலவும் அதில் அடங்க வேண்டும். இதைப் பேசுவதே அபசகுனம் என்று நினைக்கிறவர் பயணத்தைத் தள்ளிப்போடுவது நல்லது. ஞாபகமறதி நோய் தொடங்கியவர்கள், சமீபத்தில் இதய சிகிச்சை செய்துகொண்டு இன்னும் நிலைப்படாதவர்கள் ஆகியோர் விஷயத்தில் என் வாதம் செல்லாது. அவர்களுக்கு இளையவர் துணை தேவை, அல்லது வீடே போதும்.

கணவனும் மனைவியும் சேர்ந்து போகலாமே, சிநேகிதம் எதற்கு என்பது இன்னொரு கேள்வி. இருவரும் இருந்து, இருவருக்கும் ஆசையும் இருந்தால் தாராளமாகப் போகட்டும். ஆனால் நம் ஊரில் கணவர் வயதில் மூத்தவர், பெண்கள் கூடுதல் காலம் வாழ்கிறார்கள். கடைசிப் பத்துப் பதினைந்து வருடத்தைத் தனியாகக் கழிப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள்தான். 2021 கணிப்பின்படி தமிழ்நாட்டு மக்களில் 13.6 சதவீதம் பேர் 60 வயதுக்கு மேற்பட்டவர்கள். கேரளத்துக்கு அடுத்தபடி நாட்டிலேயே இதுதான் அதிகம். இந்தக் கூட்டத்தில் எத்தனை ஓய்வுபெற்ற ஆசிரியைகள், நர்ஸுகள், வங்கி ஊழியர்கள்! சொந்த பென்ஷன் வருகிறது, முப்பது வருடச் சக ஊழியர் பக்கத்துத் தெருவில் இருக்கிறார், ஆனால் ‘ஆம்பளைத் துணை இல்லாமலா?’ என்று ஒரு சொல் குறுக்கே நிற்கிறது. மத ஆசாரத்தைக் கவனமாகப் பேணுகிற ஹஜ் யாத்திரையிலேயே, 45 வயதுக்கு மேற்பட்ட பெண்கள் ஆண் துணையின்றி நான்கு பேருக்குக் குறையாத குழுவாகப் போக இந்தியா 2018இல் வழி செய்தது. அதற்கே வழி பிறந்தபின், பினாங்குக்குப் போக மைத்துனர் அனுமதி வேண்டும் என்பது வேடிக்கை.

பணம் இல்லாதவருக்கு இந்தப் பேச்சு எதற்கு என்றும் கேட்கலாம். அன்றாடச் செலவுக்கே திண்டாடுகிறவரிடம் வெளிநாட்டைப் பற்றிப் பேசுவது அநாகரிகம்தான். நடுத்தர வருமானம் உள்ளவர் விஷயம் அப்படி இல்லை. கொச்சியில் ஸ்ரீ பாலாஜி காபி ஹவுஸ் என்ற டீக்கடை நடத்திய விஜயன், மோகனா தம்பதி கதையைப் பலரும் அறிவார்கள். தினமும் கொஞ்சம் எடுத்துவைத்தார்கள், குறைந்ததற்குக் கடன் வாங்கினார்கள், திரும்பி வந்து அடைத்தார்கள், மறுபடி கிளம்பினார்கள். 2021 நவம்பரில் விஜயன் காலமாகும் முன் 26 நாடுகளைப் பார்த்திருந்தார்கள். கடன் வாங்கி ஊர் சுற்றுவதை நான் சிபாரிசு செய்யமாட்டேன். டீக்கடை வருமானத்திலும் முடிந்தது என்பதற்காகச் சொல்கிறேன். செலவுக் கணக்கில் இருவராகப் போவதற்குத் தனி லாபம் உண்டு. ஹோட்டல் அறைக்கும் பேக்கேஜுக்கும் விலை போடுவதே இருவர் தங்குவதாக வைத்துத்தான். தனியாகப் போகிறவர் அதற்கென்று கூடுதலாகக் கட்ட வேண்டியிருக்கிறது. டாக்ஸியும் பாதி, அறையும் பாதி.

இனி, என் வாதத்துக்கு உள்ளதிலேயே பலமான மறுப்பு. முப்பது வருட நட்பு ஒரு பயணத்தில் முறிந்துபோகும். இதை நான் மறுக்கவில்லை. வாரம் ஒரு முறை பூங்காவில் பார்க்கிறவரோடு ஒரே அறையில் பத்து ராத்திரி தூங்குவது வேறு. ஒருவருக்கு ஏசி 18இல் இருக்க வேண்டும், மற்றவருக்கு ஃபேன் காற்றே ஆகாது. ஒருவர் நாலு மணிக்கு எழுந்து விளக்கைப் போட்டு ஸ்லோகம் சொல்வார், மற்றவர் பதினொரு மணிவரை போனில் பேத்தியோடு ஸ்பீக்கரில் பேசுவார். குறட்டை. குளியலறையில் யார் முதலில். ஒருவர் சைவம், அதுவும் மீன் வறுத்த எண்ணெய் வாசனை வந்தாலே எழுந்துவிடும் சைவம். எல்லாவற்றுக்கும் மேலே காசு: ஒருவர் பத்து ரூபாயை நினைவில் வைத்திருப்பார், மற்றவர் ஆயிரத்தை மறந்துவிடுவார். இவையெல்லாம் சின்ன விஷயம் என்று ஒதுக்குகிறவர்களின் நட்புதான் முறிகிறது; பெரிய கொள்கைச் சண்டையில் இந்த வயதில் யாரும் பிரிவதில்லை. மருந்தும் தெரிந்ததுதான். டிக்கெட் போடுமுன் மைசூருக்கோ ராமேஸ்வரத்துக்கோ மூன்று நாள் ஒரே அறையில் தங்கி வர வேண்டும். ஒத்துவராது என்று தெரிந்தால் தனித்தனி அறை. அதில் அவமானம் எதுவும் இல்லை, கொஞ்சம் செலவு கூடும், அவ்வளவுதான். இருவரும் சமமாகப் போட்ட ஒரு பொதுப் பர்ஸ், அதிலிருந்து சாப்பாடு, வண்டி, நுழைவுச்சீட்டு. கடைச் செலவு அவரவர் பாடு. தினமும் அரை நாள் பிரிந்து போகலாம் என்ற ஒப்பந்தம்: ஒருவர் கோவில், மற்றவர் கடைத்தெரு. இன்னொன்றையும் கிளம்பும் முன்பே வாய்விட்டுப் பேச வேண்டும். ஒருவர் ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டால் மற்றவர் உடன் இருப்பாரா, எத்தனை நாள், தவறிய டிக்கெட் காசு யாருடையது? பதில் எதுவானாலும் பரவாயில்லை, முன்கூட்டித் தெரிந்திருக்க வேண்டும். தன் உடல்நிலையைச் சிநேகிதரிடம் மறைக்கிறவரோடு மட்டும் எங்கும் போகாதீர்கள். இவ்வளவும் பேசி முடித்தபின் போகலாம் என்று இருவருக்கும் தோன்றினால், அந்த நட்பு பயணத்தைத் தாங்கும் என்று பெரும்பாலும் நம்பலாம். பிள்ளைகளோடு இப்படி உட்கார்ந்து கறாராகப் பேச நம்மால் முடியுமா? சிநேகிதரிடம் முடியும். அதனால்தான் இந்தத் துணை மேல் என்கிறேன்.

முதல் பயணம் பக்கத்தில் இருக்கட்டும். மலேசியா 2023 டிசம்பர் முதல் இந்தியர்களுக்கு 30 நாள்வரை விசா கேட்பதில்லை. போய் இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் இணையத்தில் வருகை அட்டையை நிரப்பினால் போதும். இந்தச் சலுகைகள் மாறக்கூடியவை, கிளம்பும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். இலங்கைக்குக் கப்பலே இருக்கிறது: நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குச் சுமார் நான்கு மணி நேரம். 2023 அக்டோபரில் தொடங்கி நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி ஓடத் தொடங்கியது. கடல் மோசமான மாதங்களில் இருக்காது. யாழ்ப்பாணத்திலும் பினாங்கிலும் தமிழே பேசி விசாரிக்கலாம் என்பது 70 வயதில் சின்ன வசதி இல்லை. வெளிநாட்டில் வங்கி ஓடிபி வராமல் கார்டு முடங்குவதுண்டு. ரோமிங்கை ஊரிலேயே போட்டுக்கொள்ளுங்கள், இருவரும் வேறு வேறு வங்கிக் கார்டு வைத்திருங்கள். சிங்கப்பூர், துபாய் பக்கம் போனால் வீட்டுக் குருமாப் பொடியை எடுத்துப்போக வேண்டாம். அதில் கசகசா இருக்கும். இரண்டு இடத்திலும் அது போதைப்பொருள் சட்டத்துக்குள் வருகிறது.

பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. அம்மாவோ அப்பாவோ சிநேகிதரோடு போகிறேன் என்று சொன்னால், ‘நாங்க கூட்டிப்போக மாட்டோமா?’ என்று முகம் சுருக்காதீர்கள். நீங்கள் கூட்டிப்போவதும் நடக்கட்டும், இதுவும் நடக்கட்டும். காப்பீட்டுப் படிவத்தில் சின்ன எழுத்தில் இருப்பதைப் படித்துச் சொல்லுங்கள், இருவர் போனிலும் உங்கள் எண்ணைப் போட்டுக்கொடுங்கள், தினம் ஒரு தடவைக்கு மேல் கூப்பிடாதீர்கள். பெரியவர்களே, நீங்கள் முதலில் பீரோவிலிருந்து பாஸ்போர்ட்டை எடுத்துக் காலாவதித் தேதியைப் பாருங்கள். பல நாடுகள் குறைந்தது ஆறு மாதம் மீதி இருக்க வேண்டும் என்று கேட்கின்றன. உங்களுடையது சரியாக இருந்தால், சிநேகிதருடையதையும் பார்க்கச் சொல்லுங்கள்.